எந்த சாஃப்ட்வேர் என்று கேட்பதற்கு முன்: கார்டிலிருந்து ஆல்பம் வரை ஒரு படத்தின் பாதை

கேமரா புதிதாக வாங்கியவர்கள் ஒரு வாரத்துக்குள் கேட்கும் கேள்வி, "எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: போன மாதம் எடுத்த படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? கொஞ்சம் கார்டிலேயே கிடக்கும், கொஞ்சம் லேப்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் இருக்கும், நாலைந்து படங்கள் வாட்ஸ்அப்பில் யாருக்கோ போயிருக்கும். பெரும்பாலும் இதுதான் பதில். இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. படம் கேமராவை விட்டு இறங்கியதிலிருந்து ஆல்பத்திலோ சுவரிலோ போய்ச் சேரும் வரை நடக்க வேண்டிய வழியை முதலில் தீர்மானித்துக்கொண்டால், எந்த சாஃப்ட்வேர் என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும். அந்த வழிக்குத்தான் ஒர்க்ஃப்ளோ என்று பெயர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் ஆர்வத்தோடு 1,500 படங்கள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்ப்போம்.

முதலில் ரா ஃபைல் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோவில் பிரிண்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் நெகட்டிவையும் கொடுப்பார்கள், நினைவிருக்கிறதா? பிரிண்ட் கிழிந்தால் நெகட்டிவைக் கொடுத்து வேறு போட்டுக்கொள்ளலாம். ரா ஃபைல் அந்த நெகட்டிவ் மாதிரி, ஜேபெக் அந்த பிரிண்ட் மாதிரி. கேமராவுக்குள் இருக்கும் சென்சார் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதிவு செய்கிறது. நாலு புள்ளி எடுத்தால் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது, இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான் இருக்கிறது. அந்த மூல எண்களை அப்படியே சேமித்தால் ரா. கேமராவே அவற்றைக் கலந்து, வெளிச்சம், நிறம், கூர்மை எல்லாம் தன் விருப்பப்படி தீர்மானித்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுருக்கிக் கொடுத்தால் ஜேபெக்.

மிச்சம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். மண்டபத்து வாசலில் வெயில் பின்னால் அடிக்க, மாப்பிள்ளையின் முகம் இருண்டு விழுந்த படம் ஒன்று இருக்கிறது என்றால், ராவில் அந்த நிழலைத் தூக்கினால் முகம் வெளியே வரும். ஜேபெக்கில் தூக்கினால் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்த மாதிரி வரும். வெளுத்துப்போய் வெள்ளையாகிவிட்ட இடத்தை மட்டும் ராவாலும் ஓரளவுக்கு மேல் மீட்க முடியாது, அங்கே சென்சாரே நிரம்பி வழிந்துவிட்டது. அதனால் படம் எடுக்கும்போதே வெளிச்சம் தீய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரா ஃபைல் பெரியது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 25, 30 எம்.பி. வரை வரும். 1,500 படம் என்றால் 40 ஜி.பி. அளவுக்கு இடம் வேண்டும். ஆரம்பத்தில் பயமாக இருந்தால் கேமராவில் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு உடனே அனுப்ப ஜேபெக் இருக்கும், ரா உங்களிடம் பத்திரமாக இருக்கும்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. கார்டை எடுத்ததும் செய்ய வேண்டியது எடிட்டிங் இல்லை, காப்பி எடுப்பது. லேப்டாப்பில் ஒரு காப்பி, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி. இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும், அதையும் கேமராவில் வைத்து ஃபார்மட் செய்யுங்கள். ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள்: '2025-02-09 கும்பகோணம் கல்யாணம்' என்கிற மாதிரி. நம் வழக்கப்படி நாளை முதலில் போட்டால் கம்ப்யூட்டர் எல்லா ஒன்பதாம் தேதிகளையும் ஒன்றாகக் கொண்டுபோய் அடுக்கிவிடும். வருடம் முன்னால் இருந்தால் பத்து வருடப் படங்களும் தானே காலவரிசையில் நிற்கும். இன்னொன்று, கேமராவின் கடிகாரம். நீங்களும் தம்பியும் இரண்டு கேமராவில் எடுத்து, ஒன்றின் நேரம் அரை மணி தப்பாக இருந்தால், படங்களின் வரிசையில் மாலை மாற்றுவதற்கு முன்னாலேயே தாலி கட்டியிருப்பார்கள். சரிசெய்ய முடியும் என்றாலும், கிளம்புவதற்கு முன் இரண்டு கேமராவையும் பக்கத்தில் வைத்து நேரம் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது பொறுக்குவது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், ஏனென்றால் முதல் படத்தைத் திறந்ததுமே எடிட் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள், நாற்பதாவது படத்தில் அலுத்துப்போய் மூடிவிடுகிறார்கள், மீதி 1,460 படங்களை அப்புறம் யாரும் பார்ப்பதே இல்லை. முதல் சுற்றில் எந்த ஸ்லைடரையும் தொடாதீர்கள். பார்த்துக்கொண்டே போய்ப் பிடித்ததற்கு மட்டும் குறி போடுங்கள். லைட்ரூம் என்ற சாஃப்ட்வேரில் 'பி' என்ற எழுத்தை அழுத்தினால் தேர்வு, 'எக்ஸ்' அழுத்தினால் கழிவு. டார்க்டேபிள் என்ற சாஃப்ட்வேரில் 1 முதல் 5 வரை எண்களை அழுத்தி நட்சத்திரம் போடலாம். ஒரே மாதிரி எட்டுப் படம் இருந்தால் எட்டில் எது மோசம் என்று தேடுவதை விட, எது வேண்டும் என்று தேடுங்கள், வேலை சீக்கிரம் முடியும். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பலர் இதற்கென்றே ஃபோட்டோ மெக்கானிக் என்ற சாஃப்ட்வேரை வைத்திருக்கிறார்கள். ராவுக்குள் கேமரா ஏற்கெனவே பொதிந்து வைத்திருக்கும் சிறிய ஜேபெக்கை அது எடுத்துக் காட்டுவதால் படங்கள் சரசரவென்று நகரும். கல்யாணத்துக்கு 1,500-இலிருந்து 200 நின்றால் நல்லது. 200-ஐயும் ஒருவர் உட்கார்ந்து ஆசையாகப் பார்ப்பார், 1,500-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள்.

பொறுக்கிய கையோடு பெயர்களையும் போட்டுவிடுங்கள். 'பெரியம்மா', 'கும்பகோணம்', 'ஊஞ்சல்' என்று ஓரிரு சொற்கள் போதும். இன்றைக்கு இது வெட்டி வேலை மாதிரித் தெரியும். பெரியவர்களின் நல்ல படம் ஒன்று அவசரமாகத் தேவைப்படும் நாள் எல்லா வீட்டிலும் வருகிறது, அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்கும் மனநிலையில் யாரும் இருக்க மாட்டோம்.

இப்போதுதான் எடிட்டிங். இங்கே சாஃப்ட்வேர்களை இரண்டு இனமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். லைட்ரூம், கேப்சர் ஒன், டார்க்டேபிள், ரா தெரபி போன்றவை ரா ஃபைலை டெவலப் செய்பவை. ஃபோட்டோஷாப், கிம்ப் போன்றவை படத்தின் புள்ளிகளையே மாற்றுபவை. முதல் இனம் உங்கள் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. நல்ல தையல்காரர் துணியில் சாக்கட்டியால் கோடு மட்டும் போட்டு வைப்பார் அல்லவா, வேண்டாம் என்றால் தட்டிவிட்டு வேறு கோடு போடலாம், அது மாதிரிதான் இதுவும். வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு என்று குறிப்புகளை மட்டும் தனியாக எழுதி வைக்கும், கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் கத்தரிக்கோலை எடுக்கும், அதுவும் ஒரு பிரதியின் மேல். இரண்டாவது இனத்தில் நேராக ஒரு ஜேபெக்கைத் திறந்து மாற்றி அதே பெயரில் சேமித்தால் துணி வெட்டுப்பட்டுவிட்டது. ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிக்கும்போதும் ஜேபெக் மறுபடி சுருங்குவதால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரிப் படம் தேய்ந்துகொண்டே போகும்.

ஃபோட்டோஷாப் வந்தது 1990-இல், அதைத் தொடங்கிய தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் மனதில் அன்றைக்கு ஒற்றைப் படத்தைத் திறந்து வேலை செய்வதுதான் இருந்தது. ஒரே நாளில் ஆயிரம் படம் வந்து விழும் டிஜிட்டல் கேமராக் காலத்துக்காக 2007-இல் லைட்ரூம் வந்தது. ஆகவே உங்கள் வேலையில் தொண்ணூறு சதவீதத்துக்கு முதல் இனம் போதும். கோபுரத்தின் குறுக்கே ஓடும் மின்கம்பியை எடுப்பது, கிழிந்த பழைய படத்தை ஒட்டுவது, இரண்டு படங்களை இணைப்பது என்று வரும்போது மட்டும் இரண்டாவது இனத்துக்குப் போங்கள்.

டெவலப் செய்யும்போது நான் முதலில் பார்ப்பது வெள்ளைச் சமநிலை, அதாவது ஒயிட் பேலன்ஸ். மஞ்சள் பல்பு ஏறக்குறைய 3,000 கெல்வின், பகல் வெளிச்சம் 5,500 பக்கம், எண்ணெய் விளக்கு 2,000-க்கும் கீழே. ராவில் இதைப் பிற்பாடு எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மாப்பிள்ளையின் வேட்டியை வெள்ளைக்கு அடையாளமாக வைத்துச் சரிசெய்வது நல்ல தொடக்கம், ஆனால் பட்டு வேட்டி இளமஞ்சளாக இருக்கும், அதை வெள்ளையாக்கினால் எல்லார் முகமும் நீலம் பாய்ந்துவிடும், கவனம். மண்டபங்களில் ஒரு பக்கம் மஞ்சள் சீரியல் விளக்கு, இன்னொரு பக்கம் வீடியோக்காரரின் வெள்ளை எல்.இ.டி. அங்கே ஒரே அளவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. முகங்களுக்குச் சரியாக வைத்துவிட்டுப் பின்னணி மஞ்சளாகவே இருக்கட்டும் என்று விடுவதுதான் என் வழக்கம், பார்ப்பதற்கும் அதுதான் இயல்பாக இருக்கிறது.

அப்புறம் வெளிச்சம், நிழல், கடைசியில் கிராப். ஒரே இடத்தில் ஒரே விளக்கில் எடுத்த நாற்பது படங்கள் இருந்தால் ஒன்றைச் சரிசெய்து அந்த அமைப்பை மற்ற முப்பத்தொன்பதுக்கும் ஒட்டிவிடலாம், இந்த வகை சாஃப்ட்வேரின் பெரிய வசதியே இதுதான். கூறைப்புடவை விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அரக்குச் சிவப்புப் பட்டை எடுக்கும்போது மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பியிருக்கும், புடவையின் மடிப்பும் நெசவும் காணாமல் போய் ஒரே சிவப்புத் தகடாக வந்து நிற்கும். படத்தின் வெளிச்சம் இருட்டிலிருந்து வெளுப்பு வரை எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தால் நிறத்தின் செறிவைக் கூட்டாதீர்கள், சிவப்பின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ஜரிகை திரும்பி வரும்.

முகத்தை வெளுப்பாக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மணப்பெண்ணின் மாநிறத்தை இரண்டு மூன்று படி ஏற்றிக் கொடுப்பது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தோலுக்கு ஒரு மென்மை ஸ்லைடர், ஒரு வெளுப்பு ஸ்லைடர், முடிந்தது. அந்த ஆல்பத்தை இருபது வருடம் கழித்து அவள் மகள் பார்க்கும்போது, தன் அம்மாவின் முகத்தை அல்லவா பார்க்க வேண்டும்? அன்றைக்கு வந்த முகப்பருவை எடுப்பது வேறு, அது ஒரு வாரத்தில் தானே போயிருக்கும். நிறம் அவருடையது. கறுத்த தோலில் விழும் ஒளி எவ்வளவு அழகானது என்று கற்றுக்கொள்ளுங்கள், நிழலைத் திறந்து விடுங்கள், பளபளப்பை அடக்குங்கள், நிறத்தைத் தொடாதீர்கள்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். எந்த சாஃப்ட்வேர்? உங்கள் கேமராவின் ரா ஃபைலைத் திறக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. ஒவ்வொரு புது கேமராவின் ராவும் புதுசு, பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. லைட்ரூமை ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கும் வசதி 6-ஆம் பதிப்போடு நின்றுபோனது, அதற்கான புதுப்பித்தலும் 2017-இன் கடைசியில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கேமராவின் படங்களை அதில் நேராகத் திறக்க முடியாது, லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் இலவசமாகத் தரும் கன்வெர்ட்டர் வழியாக டி.என்.ஜி. என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றித்தான் திறக்க வேண்டும். கேமரா நிறுவனங்களே தங்கள் ராவுக்கு இலவச சாஃப்ட்வேர் தருகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்.எக்ஸ். ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். வேகம் கொஞ்சம் குறைவு, வசதிகளும் குறைவு, ஆனால் கேமரா காட்டிய அதே நிறத்தில் தொடங்கலாம். கற்றுக்கொள்ள இவை போதும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது சோதனை, நாளைக்கு இந்த சாஃப்ட்வேர் இல்லாமல் போனால் என் உழைப்பு என்ன ஆகும்? இது கற்பனைக் கவலை இல்லை. கூகுள் 2004-இல் வாங்கிய பிகாசா எத்தனையோ வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருந்தது, 2016-இல் நிறுத்திவிட்டார்கள். ஆப்பிள் 2005-இல் கொண்டுவந்த அபெர்ச்சரைத் தொழில்முறைக்காரர்களே நம்பிப் பயன்படுத்தினார்கள், 2014-இல் இனி மேம்படுத்த மாட்டோம் என்று அறிவித்தார்கள், 2019-இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. மூலப் படங்கள் எங்கேயும் போகவில்லை. வருடக்கணக்காக உட்கார்ந்து போட்ட ஸ்லைடர் கணக்குகள்தான் போயின, ஏனென்றால் ஒரு சாஃப்ட்வேர் போட்ட சாக்கட்டிக் கோட்டை இன்னொன்றுக்குப் பெரும்பாலும் வாசிக்கத் தெரியாது. நட்சத்திரம், பெயர்ச்சொற்கள், குறிப்பு இவற்றை மட்டும் பல சாஃப்ட்வேர்கள் பொதுவாகப் புரிந்துகொள்ளும் எக்ஸ்.எம்.பி. என்ற சிறிய ஃபைலில் படத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்க முடியும். லைட்ரூமின் ஒரு பதிப்பான லைட்ரூம் கிளாசிக்கில் இதைத் தானாக எழுதச் சொல்லும் அமைப்பு உண்டு, அதை நாமேதான் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும், முதல் நாளே தேர்ந்தெடுத்துவிடுங்கள். டார்க்டேபிள் தானாகவே எழுதிவிடும். முடித்த படங்களை முழு அளவில் ஒரு ஜேபெக்காகவும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டால் எந்த நிறுவனம் மூடினாலும் உங்கள் கைவேலை நிற்கும்.

மாதச் சந்தா கட்டலாமா என்றால், மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியாவது எடுத்துக் காசு பார்க்கிறீர்கள் என்றால் லைட்ரூம் சந்தா நியாயமான செலவுதான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள், தமிழிலேயே வீடியோக்கள் இருக்கின்றன. சந்தா நின்றால் கிளாசிக்கில் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும், படங்களைப் பார்க்கவும் எக்ஸ்போர்ட் செய்யவும் முடியும். வருடத்துக்கு நாலு விசேஷம், இரண்டு பயணம் என்று இருப்பவர்களுக்கு டார்க்டேபிள் போதும். பைசா செலவில்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், படங்களை அடுக்கி வைக்கவும் அதிலேயே இடம் உண்டு. முதல் இரண்டு வாரம் தலை சுற்றும், பட்டன்கள் அவ்வளவு. எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை, ஏழெட்டுக் கருவிகளோடு ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம். ஸ்டுடியோவில் கேமராவைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து எடுப்பவர்கள் கேப்சர் ஒன் பக்கம் போவார்கள். மொபைலில் மட்டும் எடுப்பவர்களுக்கு ஸ்னாப்சீட் இலவசம், ராவான டி.என்.ஜி.யையும் திறக்கும்.

லைட்ரூம் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு, இதில் இழந்தவர்கள் நிறைய. படங்கள் லைட்ரூமுக்கு 'உள்ளே' இல்லை. கேட்டலாக் என்பது நூலகத்து அட்டவணை மாதிரி, எந்தப் படம் எந்த அலமாரியில் என்று மட்டும் அதில் எழுதியிருக்கும். 'லைட்ரூமில்தான் ஏற்றியாச்சே' என்று நினைத்து ஃபோல்டரை அழித்தால் படம் போயே போய்விடும். ஃபோல்டரை வெளியிலிருந்து நகர்த்தினாலும் அட்டவணைக்குத் தெரியாது, தேடி முழிக்கும். நகர்த்துவதென்றால் லைட்ரூமுக்குள் இருந்தே நகர்த்துங்கள். படங்களுக்கு பேக்கப் எடுப்பவர்கள் கேட்டலாக்குக்கு எடுக்க மறந்துவிடுகிறார்கள், அதையும் சேர்த்து எடுங்கள்.

வெளியே அனுப்புவது சுலபம். வாட்ஸ்அப்புக்கும் இணையத்துக்கும் நீளப் பக்கம் 2,048 பிக்சல் போதும், தரம் குறையாமல் போக வேண்டுமென்றால் டாகுமெண்டாக அனுப்புங்கள். பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போடுங்கள். 12-க்கு 18 அங்குல ஆல்பப் பக்கத்துக்கு 3,600-க்கு 5,400, அதாவது 19 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் அதிகம். நிற அமைப்பு, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி.யாகவே இருக்கட்டும், பிரிண்ட் போடும் லேப் வேறு கேட்டால் மட்டும் மாற்றுங்கள். முதல் ஆர்டருக்கு முன்னால் நாலு படத்தை மட்டும் சின்னதாக பிரிண்ட் போட்டு உங்கள் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், லேப்டாப் திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்து எடிட் செய்பவர்களுக்கு பிரிண்ட் எப்போதும் இருட்டாகத்தான் வரும்.

கடைசியாக பேக்கப். பீட்டர் கிராக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கைத்தான் நானும் பின்பற்றுகிறேன்: மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். லேப்டாப், வீட்டு ஹார்ட் டிஸ்க், ஊரில் அண்ணன் வீட்டில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் அல்லது கிளவுட். நான் இதைப் பின்பற்ற ஆரம்பித்தது என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் போன பிறகுதான். ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன, ஒரு நாள் காலையில் அது கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை. அன்றைக்கு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆறு படங்கள் மட்டும் மிஞ்சின, அதுவும் சுருங்கிய படங்கள்.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை எல்லா டிஸ்கையும் இணைத்துத் திறந்து பார்த்துவிடுவேன். நாள் மறக்காமல் இருப்பதற்காக ஆயுதபூஜையன்று வைத்துக்கொண்டேன். கேமராவுக்கும் லென்ஸுக்கும் பொட்டு வைத்து, டிஸ்குகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்து, பூஜை முடிந்ததும் ஒவ்வொன்றாக இணைத்து ஏதாவது ஒரு வருடத்து ஃபோல்டரைத் திறப்போம். பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், பழைய படங்கள் ஒவ்வொன்றுக்கும் கதை கேட்பாள், டிஸ்கைச் சோதித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.